திரும்பு குழாயைத் தொட்டுப் பார்த்தவர்

ஆல்ப் மேட்டில் இருக்கும் குளிர் ஊரான ஸ்டெட்டனில் ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு விருந்தாளிகள் வந்தால், கேக் தட்டு காலியானதும் வீட்டுக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "வாங்க, கீழ ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்பார். ஆண்கள் வரிசையாக நிலவறைக்கு இறங்குவார்கள். அங்கே, தண்ணீரைக் காய்ச்சிக் குழாய்களில் ஓடவிட்டு வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லர் நிற்கும். வீட்டில் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் இல்லை. ஆனால் கூடத்தில் இருக்கும் அலமாரியைக் காட்டினால் பீற்றிக்கொள்வதாக ஆகிவிடும். பாய்லரைக் காட்டினால் ஆகாது, அது குளிருக்கு வைத்த பொருள் அல்லவா? அதனால் ஆல்ப் மேட்டுக்காரர்கள் தங்கள் பெருமையையெல்லாம் கொண்டுபோய் நிலவறையில் வைத்திருந்தார்கள்.

கெப்ஹார்ட் நேகெலே முப்பது வருஷமாக அந்த ஊரில் பாய்லர் பொருத்துகிறவர். அவர் குழாய் போட்ட பாய்லரைப் பார்க்க யாரும் யாரையும் கீழே கூட்டிக்கொண்டு போனதில்லை. இது அவர் வாழ்க்கையின் தீராத வயிற்றெரிச்சல்.

ஒரே வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டால் மற்றவை கோபித்துக்கொள்ளும். மனிதர் பிறவியிலேயே பொறாமைக்காரர். அண்ணனுக்குப் பண்ணை போயிற்று, இவரைக் குழாய் வேலை கற்கப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் பசு கன்று போட்டாலும் இவருக்கு முகம் சுருங்கும். பக்கத்து வீட்டுக்காரன் விறகை நூல் பிடித்தது போல அடுக்கினால், இவர் விடிவதற்கு முன் எழுந்து தன் விறகைப் பிரித்து மறுபடி அடுக்குவார். கல்யாணத்தன்று மனைவி ரோஸ்விட்டா அக்கார்டியன் வாசித்தவனோடு இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டாள். அதை வெள்ளி விழா முடிந்த பிறகும் சொல்லிக் காட்டுவார்.

"அந்த ஆளு செத்தே போயிட்டான், கெப்ஹார்ட்" என்பாள் ரோஸ்விட்டா.

"செத்தா? ஆடினது ஆடினதுதானே."

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மகள் ரீக்கே சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில், "எங்க அப்பா இல்லேன்னா இந்த ஊரே விறைச்சுப் போயிடும்" என்று சொன்னாளாம். ஆசிரியை வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். வாழ்நாளில் கெப்ஹார்டுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். ஸ்டெட்டன்காரர்கள் வாயைத் திறந்து பாராட்டுகிற ஜாதி இல்லை. சாப்பாடு பிரமாதமாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார்கள். வேலை பிடித்திருந்தால் பேசாமல் போவார்கள். குறை இருந்தால்தான் வாய் திறக்கும். ரீக்கேயின் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்து வருடிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆர்மினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்மின் ஷ்டோட்ஸ், கெப்ஹார்டிடம் ஏழு வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். கை அப்படிப்பட்ட கை. செம்புக் குழாயை வளைத்தால் கோடு போட்டது போல வரும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் கிளம்புவான். ஒரு நாள் தனியாகக் கடை போட்டான். ஊர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

கெப்ஹார்டின் வேலை பலமாக இருக்கும், பார்க்கச் சகிக்காது. தரையைச் சூடாக்கும் குழாய்கள் அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. சுவரில் தொங்கி அறையைச் சூடாக்கும் பழைய இரும்புப் பலகைக்கு எழுபது எண்பது டிகிரியில் தண்ணீர் வேண்டும். தரைக்கு முப்பத்தைந்து போதும், அதற்கு மேல் ரொம்பப் போனால் கால் சுடும். ஆனால் பாய்லருக்கு வேறு நியாயம். அது நல்ல சூட்டில் எரிய வேண்டும், அதற்குள் திரும்பி வரும் தண்ணீரும் அறுபதுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குளிர்ந்த தண்ணீர்ச் செம்புக்கு வெளியே வியர்ப்பது போல, பாய்லரின் உள்சுவர் வியர்க்கும். அந்த வியர்வையில் விறகுப் புகை கரைந்து புளித்து இரும்பைத் தின்றுவிடும். இதற்காக கெப்ஹார்ட், தரையிலிருந்து திரும்பும் குளிர்ந்த தண்ணீரோடு பாய்லரின் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கலந்து உள்ளே அனுப்புவார். அதற்கு ஒரு குறுக்குக் குழாய், ஒரு கலவை வால்வு, கூடுதலாக ஒரு பம்ப். எல்லாம் சேர்ந்து சுவரில் குடல் சரிந்தது மாதிரி தொங்கும்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "எதுக்குன்னு தெரிஞ்சா நீயே போட்டுக்கலாமே" என்பார். விளக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஆர்மின் விளக்கினான். "தரைக்கு முப்பத்தஞ்சு போதும்னா பாய்லரை எதுக்கு எண்பதுக்குக் கொளுத்தணும்? நாப்பத்தஞ்சுல மெதுவா எரிய விடுங்க. அங்கேருந்து நேரா தரைக்கு ஒரு குழாய், தரையிலேருந்து நேரா இங்க ஒரு குழாய். வால்வு வேண்டாம், ரெண்டாவது பம்ப் வேண்டாம். விறகும் மிச்சம்."

விறகு மிச்சம் என்ற சொல்லை ஸ்டெட்டனில் சொல்லிவிட்டால் அப்புறம் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காப்பித்தூளை இரண்டாம் தடவை வடிகட்டுகிற ஊர் அது. இரண்டே குழாய், கண்ணாடி போலச் செம்பு, மிச்சமான விறகு. ஞாயிறுதோறும் ஊரே ஆர்மினின் நிலவறைகளுக்குள் இறங்கி ஏறியது. கெப்ஹார்ட் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார்.

"அவன் கிட்ட போய் ஒருதடவை சொல்லேன், உனக்குத் தெரிஞ்சதை" என்றாள் ரோஸ்விட்டா.

"வளைக்கத் தெரிஞ்சவனுக்கு வியர்க்கும்னு தெரியாதா? தெரியலேன்னா போகட்டும்."

அந்தச் சமயத்தில்தான் ரீக்கேயும் அவள் கணவன் யோஹெனும் ஊர்க் கோடியில் வீடு கட்டினார்கள். யோஹெனுக்கு அப்பா வழியில் ஒரு துண்டுக் காடு இருந்தது, ஆகவே விறகு பாய்லர்தான். கெப்ஹார்ட் யாரிடமும் சொல்லாமல் நல்ல வால்வு ஒன்றை வரவழைத்து, பட்டறை அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தார். மகள் வீட்டுக்கு மட்டும் தானும் குழாயைத் துடைத்துப் பளபளப்பாக்குவது என்று தீர்மானித்திருந்தார். அதற்கான பாலிஷ் டப்பாகூட வாங்கியாயிற்று.

கூரைச் சட்டம் ஏற்றிய நாளில் எல்லாருக்கும் பீர் ஊற்றினார்கள். ரீக்கே அப்பாவைத் தனியாக மணல் குவியலுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள்.

"அப்பா, பாய்லர் வேலையை ஆர்மின்கிட்ட குடுத்திருக்கோம்."

கெப்ஹார்ட் பீர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வேலை நல்லாத்தான் இருக்கும். ஆனா நீ யோஹென்கூட மூணாவது நாளே சண்டைக்கு நிப்பே. எனக்கு அது வேண்டாம். நீ அப்பாவா வா, மேஸ்திரியா வராதே."

"சரி" என்றார். வேறு என்ன சொல்வது? ஊரெல்லாம் அவனிடம் போகட்டும், பண்ணை அண்ணனுக்குப் போகட்டும், பாட்டு அக்கார்டியன்காரனோடு போகட்டும். இவளுமா? அன்று மாலை பட்டறைக்குப் போய் அந்த வால்வை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி துணியைச் சுற்றி வைத்தார்.

இலையுதிர் காலத்தில் ரீக்கேயும் யோஹெனும் கைக்குழந்தையோடு வீடு குடிபோனார்கள். முதல் ஞாயிறு, ரீக்கே சிவப்புத் திராட்சை கேக் சுட்டிருந்தாள். காப்பி முடிந்ததும் யோஹென் எழுந்தான், "வாங்க மாமா, கீழ பார்க்கலாம்." கீழே போனால் ஆர்மின் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. பழைய முதலாளி வேலையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்து தானாகவே வந்திருந்தான்.

கெப்ஹார்ட் பார்த்தார். இரண்டு குழாய்கள், ஒன்று போக, ஒன்று வர. வளைவுகளில் விளக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பொறாமையில் அவருக்கு ஒரு கணம் கண் இருண்டது. பிறகு கையை நீட்டித் தரையிலிருந்து திரும்பும் குழாயைத் தொட்டார். கை வெதுவெதுப்புக்குக்கூட வரவில்லை, சில்லென்றிருந்தது. அந்தத் தண்ணீர் அப்படியே நேராகப் பாய்லருக்குள் போய்க்கொண்டிருந்தது.

மனிதருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு உள்ளுக்குள் குளிர்ந்தது. 'போ, போ. இன்னும் இரண்டு பனிக்காலம். இந்த அழகெல்லாம் ஓட்டை விழுந்து ஒழுகும்போது நான் இங்கே நிற்பேன்' என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படி மாஸ்டர்?" ஆர்மினின் குரல் லேசாக நடுங்கியது.

"ம்" என்றார் கெப்ஹார்ட்.

ஆர்மினின் முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்திருக்கலாம், அவன் திரும்பிக்கொண்டதால் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டுகிற கெப்ஹார்ட் நேகெலே திட்டவில்லை. ஸ்டெட்டனில் இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பாராட்டை எதிர்பார்க்க முடியும்?

அதற்குப் பிறகு கெப்ஹார்ட் ஒரு ஞாயிறு தவறாமல் மகள் வீட்டுக்குப் போனார். கேக்கை அவசரமாக விழுங்கிவிட்டுக் கீழே இறங்குவார். திரும்பு குழாயைத் தொடுவார். பாய்லர் கதவைக் கொஞ்சம் திறந்து மூக்கை வைப்பார். புளித்த வாசனை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. திருப்தியாக மேலே வருவார். ரீக்கேக்கு அப்பாவை நினைத்து மனம் இளகியது. "பாவம், எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. ஆர்மின் வேலையை வாராவாரம் வந்து ரசிச்சுட்டுப் போறார். ஒரு குறை சொல்லலை" என்று அடுத்த வீட்டில் சொன்னாள்.

அந்தச் சொல் ரொட்டிக் கடை வரைக்கும் போயிற்று. ஒரு காலை ரொட்டி வாங்கப் போனவரிடம் கடைக்காரி கேட்டாள்.

"என்ன நேகெலே, உங்களாலயே ஆர்மின் வேலையில ஒரு குறை கண்டுபிடிக்க முடியலையாமே? நாங்களும் அவனையே வரச் சொல்லிட்டோம்."

கெப்ஹார்ட் ரொட்டி வாங்காமலே வெளியே வந்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது ஆர்மினைக் கவிழ்ப்பதற்காக. அது அவனைத் தலையில் தூக்கி வைத்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பனிக்காலத்தில் மட்டும் எத்தனையோ வீடுகள் அவனிடம் போயின, எல்லாவற்றுக்கும் கெப்ஹார்டின் வாய் திறக்காத சாட்சி. இனிமேல் சொல்லலாம் என்றால், வயிற்றெரிச்சல் பிடித்துப் பேசுகிறான் என்பார்கள். சரி என்று நம்பினாலும், இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பார்கள்.

ரோஸ்விட்டா சும்மா விடுகிறவள் இல்லை. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கைக்குட்டை கறுப்பாயிட்டு வருது. அந்தப் பாய்லர்ல என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லை. வியர்க்குது."

"வியர்த்தா?"

"உள்ள அரிக்கும். இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் ஓட்டை விழும். அவ்வளவுதான். அப்ப நான் புதுசா ஒண்ணு என் செலவுலயே வெச்சுக் குடுக்கறேன்."

"அது உன் பொண்ணு வீடு, கெப்ஹார்ட்."

"அவதானே அவனைக் கூப்பிட்டா."

ரோஸ்விட்டா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

அவர் இரும்பைப் பற்றி மட்டும்தான் யோசித்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் வேலைக்கு வேலை வேலி உண்டு. பாய்லரின் புகை வாய் வரைக்கும் பாய்லர்காரன். அதற்கு மேல் புகைபோக்கி சுத்தம் செய்யும் வெண்டெலினின் ராஜ்ஜியம். ஒருவன் எல்லைக்குள் மற்றவன் மூக்கை நுழைத்தால் அது அவமரியாதை. நாற்பத்தைந்து டிகிரியில் புகைந்து புகைந்து எரியும் விறகு மேலே புகைபோக்கியில் என்ன பூசிக்கொண்டிருக்கும் என்று கெப்ஹார்ட் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவர் வேலை இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. ரீக்கேயின் கைக்குழந்தை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கடுங்குளிர் என்று யோஹென் அன்று காற்றுக் கதவைத் திறந்து பாய்லரை என்றைக்கும் இல்லாமல் கொழுந்துவிட்டு எரிய வைத்திருந்தான். காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தார்கள். பிறகு அது உறுமியது. யோஹென் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "புகைபோக்கி எரியுது" என்றான். அவன் ஊர்த் தீயணைப்புப் படையில் இருப்பவன், குரல் பதறவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

ரீக்கே மாடிக்கு ஓடினாள். புகைபோக்கி குழந்தை அறைச் சுவர் வழியாகத்தான் மேலே போனது. அவள் பின்னாலேயே ஓடிய கெப்ஹார்ட் அந்தச் சுவரில் கை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். தொட்டில் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த காகிதம் பழுப்பாகிச் சுருண்டுகொண்டிருந்தது. ரீக்கே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவர் மட்டும் அறை நடுவில் நின்றார்.

படை வந்தது, வெண்டெலின் வந்தார். எரிகிற புகைபோக்கியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். ஆகவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு தானாக எரிந்து அணைய விட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே அடங்கிவிட்டது, யாருக்கும் ஒரு காயம் இல்லை. வெண்டெலின் நிலவறைக்குப் போய்ப் பாய்லர் கதவைத் திறந்து உள்ளே விளக்கை அடித்தார். சுவரெல்லாம் கறுப்பு ஈரம். சுரண்டினால் இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"என்ன சூட்டுல ஓட்டறே?"

"நாப்பத்தஞ்சு. தரைக்கு அது போதுமே. இன்னிக்குத்தான் கொஞ்சம் அதிகமாக் கொளுத்தினேன்" என்றான் யோஹென்.

"தரைக்குப் போதும். பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் பத்தாது. மேல முழுக்கத் தார் பூசின மாதிரி இருந்திருக்கு, இன்னிக்குப் பத்திக்கிச்சு. இதுக்குக் கலவை வால்வு எங்க?"

அதற்குள் ஆர்மின் ஓடி வந்துவிட்டான். காலில் வீட்டுச் செருப்பு, தலையில் பனி. படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவன் வாய் கோணியது.

"நான் பழைய இரும்புப் பலகை மாட்டின வீடுங்கள்லதான் வேலை கத்துக்கிட்டேன். அங்க தண்ணி சூடாத்தான் திரும்பும். இது சரியா தப்பான்னு எனக்கே ஆரம்பத்துல ஒரு சந்தேகம் இருந்துது. அதான் மாஸ்டர் வர்ற அன்னிக்கு வந்து நின்னேன். அவரு தொட்டுப் பார்த்தாரு. அப்புறம் வாராவாரம் தொட்டுப் பார்த்தாரு. தப்பா இருந்தா அவரு விடுவாரா? அதைத் தைரியமா வெச்சுக்கிட்டுத்தானே இத்தனை வீட்டுல போட்டேன்."

எல்லாரும் கெப்ஹார்டைப் பார்த்தார்கள். ரீக்கே தோளில் குழந்தையோடு படியின் உச்சியில் நின்றாள்.

"அப்பா, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். மகள் நம்பியிருப்பாள், நம்ப விரும்பினாள். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆர்மின் எதிரில் நின்றுகொண்டிருந்தான். தெரியாது என்று சொன்னால், ஆர்மினுக்கும் தெரியாது, கெப்ஹார்ட் நேகெலேக்கும் தெரியாது, இரண்டு பேரும் ஒன்று என்று ஆகிவிடும். முப்பது வருஷ வேலைக்காரன் அவனும் தானும் ஒன்று என்று வாயால் சொல்வதா? பாழாய்ப்போன பொறாமை அந்த இடத்தில்கூட அவரை விடவில்லை.

"முதல் நாளே தெரியும்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆர்மின் தலையைக் குனிந்துகொண்டான். ரீக்கே குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

வேலையை ஆர்மினே மறுபடி செய்தான், ரீக்கே அப்படித்தான் சொல்லிவிட்டாள். அவன் பட்டறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் செய்வது என்று கேட்டான். கெப்ஹார்ட் துணி சுற்றிய வால்வை எடுத்துக் கொடுத்தார். சூடான குழாயிலிருந்து குறுக்குக் குழாய் எங்கே பிரிய வேண்டும், பம்ப் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், திரும்பும் தண்ணீர் எவ்வளவு சூடேறிய பிறகு தரைக்குத் திறந்துவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனுக்கு விளக்கிச் சொன்னார். ஆர்மின் புதுப் பாய்லர் வைத்துக் குழாய் போட்டான். அந்தக் குடல் சரிந்த குழாய்களைக்கூட அவன் கை அழகாக்கிவிட்டது. பிறகு வீடு வீடாகப் போய் மற்ற நிலவறைகளையும் மாற்றிக் கொடுத்தான். ஊரில் அவனைத் திட்டித் தீர்த்தார்கள், திட்டி முடித்ததும் மறுபடி அவனையே கூப்பிட்டார்கள்.

ஊர் கெப்ஹார்டையும் திட்டியது. ரொட்டிக் கடைக்காரி திட்டினாள், வெண்டெலின் திட்டினார், ரோஸ்விட்டா திட்டிய திட்டில் அக்கார்டியன் விவகாரம் அதோடு அடக்கமாயிற்று. அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. அவர் ஒரே ஒரு வாயின் திட்டுக்காகத்தான் காத்திருந்தார்.

மார்ச் மாதம் ரீக்கே கூப்பிட்டு அனுப்பினாள். சிவப்புத் திராட்சை கேக். குழந்தை தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. யோஹெனின் சித்தப்பாவும் அவர் மகனும் வந்திருந்தார்கள். காப்பி முடிந்ததும் யோஹென் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"வாங்க, கீழ ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம். புது வால்வு போட்டிருக்கோம்."

ஆண்கள் எழுந்து போனார்கள். கெப்ஹார்டும் பாதி எழுந்தார். யோஹென் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார். கீழேயிருந்து, "அடேயப்பா" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. பழைய எரிச்சல் வயிற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இருக்க இடமில்லாததுபோல் அடங்கியது.

மேசையில் அவரும் மகளும் மட்டும். ரீக்கே இன்னொரு துண்டு கேக்கை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். உடையாமல், ஓரம் பொடியாகாமல், விருந்தாளிக்கு வைப்பது போலப் பார்த்துப் பார்த்து வைத்தாள். ஜனவரியிலிருந்து அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"ரீக்கே" என்றார். "என்னைத் திட்டிடும்மா."

அவள் காப்பிக் கெட்டிலை எடுத்து அவர் கோப்பையை நிரப்பினாள்.

"பால் போதுமாப்பா?" என்று கேட்டாள்.